சேலத்துத் தட்டுவடை செட்: ஆறு மாலை, ஒன்பது கடை

ஆடித் திருவிழாவுக்கு அக்கா மகள் ஊருக்கு வந்திருந்தாள். டெக்சாஸில் ஆஸ்டின் நகரத்தில் வேலை, போய் ஆறு வருடம் ஆகிறது. வந்த மறுநாளே, "மாமா, சேலத்துல சிப்ஸ் சல்சா எங்க நல்லா இருக்கும்?" என்று கேட்டாள். அங்கே மெக்சிகோ பாணி உணவகத்தில் போய் உட்கார்ந்தால், என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்னாலேயே ஒரு கூடை நிறைய மக்காச்சோள சிப்ஸும் ஒரு கிண்ணத்தில் சல்சாவும் வந்துவிடுமாம், பெரும்பாலான இடங்களில் அதற்குத் தனியாகக் காசு கிடையாது, தீரத் தீரக் கொண்டுவந்து வைப்பார்கள், அந்த ஊர்க்காரர்கள் சல்சாவை ஒரு வாய் வைத்துப் பார்த்தே கடை எப்படி என்று சொல்லிவிடுவார்கள் என்றாள். நாம் ஓட்டலில் உட்கார்ந்ததும் சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பதைப் போலத்தான்.

சல்சாவில் என்னதான் போடுவார்கள் என்று கேட்டேன். "தக்காளி, வெங்காயம், மிளகாய், பூண்டு, கொத்தமல்லித்தழை, எலுமிச்சை, உப்பு, அவ்வளவுதான் மாமா" என்றாள். மெக்சிகோவில் அதை அரைக்க மூன்று கால் வைத்த எரிமலைக்கல் உரல் ஒன்று உண்டாம், மோல்காஹெதே என்று பெயராம். சிப்ஸுக்கு மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறவைத்து அரைத்து, ரொட்டியாகத் தட்டிச் சுட்டு, முக்கோணமாக வெட்டி எண்ணெயில் பொரிப்பார்கள். அவள் சொல்லச் சொல்ல எனக்கு நம்ம ஊர்த் தட்டுவடை செட் தள்ளுவண்டிதான் கண்ணுக்குள் வந்து நின்றது. மிளகாயும் தக்காளியும் அந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவைதானே. அவர்கள் அதைச் சோளத்துக்குத் தொட்டுக்கொள்கிறார்கள், நாம் அரிசி வடைக்கு நடுவில் வைக்கிறோம்.

ஆனாலும் ஆசையாகக் கேட்டாளே என்று முதலில் ஊருக்குள் ஏசி போட்ட ஓர் உணவகத்துக்குத்தான் கூட்டிப்போனேன். பெயர் வேண்டாம். நாச்சோஸ் வித் சல்சா 220 ரூபாய். பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டிய சிப்ஸ், அதன் மேல் ஏற்கெனவே மசாலாத்தூள் ஒட்டியிருக்கிறது, சல்சா என்று வந்தது கெட்சப்பில் வெங்காயத்தை நறுக்கிப் போட்டது. நாலு எடுத்துக் கடித்தவள் கையைத் துடைத்துக்கொண்டாள். 1990களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் சல்சா விற்பனைத் தொகையில் கெட்சப்பைத் தாண்டிவிட்டது, இங்கே கெட்சப்பையே சல்சா என்று கொடுக்கிறார்களே மாமா என்று வருத்தப்பட்டாள். பில்லைக் கட்டிவிட்டு வெளியே வந்ததும், "நீ கேக்கற சாமான் நம்ம ஊர்லயே இருக்குது கண்ணு, பேருதான் வேற, நாளைக்குச் சாயந்திரம் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அப்படி ஆரம்பித்ததுதான். ஆறு மாலைகளில் ஒன்பது கடை.

அவள் வளர்ந்தது சென்னையில். அவள் வீட்டில் தட்டுவடையைத் தட்டை என்பார்கள், காபியோடு ஒன்றிரண்டு கடிப்பார்கள், அத்தோடு சரி. கர்நாடகத்தில் நிப்பட்டு, ஆந்திராவில் செக்கலு. சேலத்தில் தட்டுவடை. செட்டுக்கு என்று போடுவது அதில் சின்ன ரகம், ஒரே வாயில் அடங்குகிற அளவு. அடியில் ஒரு வடை, அதன் மேல் சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும், பொடியாக நறுக்கிய வெங்காயம், மேலே மூடி மாதிரி இன்னொரு வடை. இதுதான் செட். நடுவில் தக்காளி வட்டம் வைத்தால் தக்காளி செட், மாங்காய் காலத்தில் மாங்காய் செட், வடைக்குப் பதில் முறுக்கு என்றால் முறுக்கு செட். எல்லாவற்றையும் கையால் நொறுக்கிப் போட்டு சட்னி ஊற்றிக் கிளறினால் நொறுக்கல், அதில் முட்டை சேர்ந்தால் முட்டை நொறுக்கல். கரூர்க்காரர்கள் இதற்குப் பங்காளி முறையில் கரம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு கணக்கு.

நான் சின்ன வயதிலிருந்து சாப்பிடுகிறேன், ஆனால் எந்தக் கடை நல்ல கடை என்று உட்கார்ந்து யோசித்தது இல்லை. பக்கத்தில் இருக்கிற வண்டிதான் நல்ல வண்டி. இந்த ஆறு நாளும் வேலையாகவே சுற்றியதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: செட்டை நிர்ணயிப்பது பூண்டு போட்ட அந்தச் சிவப்புச் சட்னி. வடை அதைத் தாங்க வேண்டும், துருவல் அதை ஆற்ற வேண்டும். சட்னி சரியில்லை என்றால் மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தட்டில் பாதி மிச்சம் நிற்கிறது.

வடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அரிசி மாவு, பொட்டுக்கடலை மாவு, கொஞ்சம் உளுந்து மாவு, மிளகாய்த்தூள், பெருங்காயம், கறிவேப்பிலை, உப்பு. இதில் காய்ச்சிய எண்ணெயோ வெண்ணெயோ ஊற்றிப் பிசைவார்கள். அது குறைந்தால் வடை கல் மாதிரி ஆகும், கூடினால் தொட்டதும் உதிரும். வீட்டுத் தட்டையில் கடலைப்பருப்பு நிறைய கிடக்கும், செட்டு வடையில் அப்படிக் கிடந்தால் சட்னியின் ஈரம் ஏறியதும் பருப்பு இருக்கிற இடத்திலேயே விண்டுபோகும், அதனால் நல்ல கடைகளில் பருப்பு இருந்தும் இல்லாத மாதிரிதான் இருக்கிறது. எண்ணெயில் சலசலப்பு முழுக்க அடங்கிய பிறகு எடுத்த வடைக்குத்தான் மொறுமொறுப்பு நிற்கும். சலசலப்பு என்பது உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகி வெளியேறுவது, அது அடங்கும் முன்னே எடுத்தால் ராத்திரிக்குள் நமத்துவிடும். பெரும்பாலான வண்டிக்காரர்கள் வடையைத் தாங்களே சுடுவதில்லை, மொத்தமாகச் சுட்டுக் கொடுப்பவர்களிடம் வாங்கிவருகிறார்கள், அதனால் ஒன்பது கடையிலும் வடை ஏறக்குறைய ஒரே தரம், வித்தியாசம் அதை எப்படி மூடி வைக்கிறார்கள் என்பதில் வருகிறது. தகர டின்னில் மூடி போட்டு வைத்து அப்பப்போ பத்துப் பத்தாக எடுக்கிற வண்டியும் உண்டு, திறந்த பிளாஸ்டிக் கவரில் குவித்து வைத்து ஆடிக்காற்றுக்குக் கொடுக்கிற வண்டியும் உண்டு.

முதல் நாள் முதல் அக்ரஹாரம், சின்னக்கடை வீதிப் பக்கம் போனோம். பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரம், பூ மார்க்கெட் கூட்டமும் துணி எடுக்க வந்த கூட்டமும் கலந்து ஓடுகிற இடம். அங்கே நின்ற வண்டியில் கை வேகம் பார்க்கவே அழகு, பாக்குமட்டைத் தட்டில் வடையை வட்டமாக அடுக்கி, ஒரு சுற்றில் சிவப்பு, மறு சுற்றில் பச்சை, மூன்றாவது சுற்றில் துருவல், மூடி, கையில் கொடுத்துவிடுகிறார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பச்சைச் சட்னி அருமை, கொத்தமல்லியும் புதினாவும் பச்சை மிளகாயும் சேர்ந்து மூக்கு வரை ஏறுகிறது. சிவப்புதான் தண்ணீர் மாதிரி. கூட்டத்துக்குத் தகுந்து நீட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன், ஊற்றியதும் வடைக்குள் இறங்கிவிட்டது, கடைசி இரண்டு செட் எடுக்கும்போதே வளைந்தது. அவசரத்துக்குப் போகலாம். தட்டு 25 ரூபாய், ஐந்து செட்.

அக்கா மகள் முதல் செட்டை வாயில் போட்டதும் ஒன்றும் பேசவில்லை. இரண்டாவதும் போட்டாள். அப்புறம், "மாமா, இதுல சிப்ஸ் மேலயும் இருக்கு, கீழயும் இருக்கு, சல்சா ரெண்டு வகை நடுவுல இருக்கு, அங்க தனித்தனியா குடுத்து நம்மளையே தொட்டுக்கச் சொல்றாங்க" என்றாள். அதில் ஒரு விஷயம் இருக்கிறது, தொட்டுச் சாப்பிடுகிறபோது எவ்வளவு வேண்டும் என்பதை நாம் பார்த்துக்கொள்கிறோம், ஈரம் ஏறவும் நேரம் இல்லை. செட்டில் அந்தக் கணக்கு முழுக்க வண்டிக்காரர் கையில் இருக்கிறது. அவர் ஒரு கரண்டி கூடுதலாக வைத்தால் ஊறிப்போகும், குறைத்தால் வெறும் தட்டையைக் கடிக்கிற மாதிரி ஆகும்.

இரண்டாம் நாள் செவ்வாய்ப்பேட்டை. லீ பஜாரில் மூட்டை இறக்குகிற லாரிகளுக்கு நடுவில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கொலுசுப் பட்டறையில் வேலை முடித்து வருகிறவர்கள் நிற்கிற கடை ஒன்று உண்டு, செட்டு சுமார், ஆனால் நொறுக்கல் இந்த ஊரிலேயே இங்கேதான் என்று தைரியமாகச் சொல்வேன். வடையை ரொம்பத் தூளாக்காமல் நாலாக ஐந்தாக மட்டும் உடைக்கிறார், கூடவே ஒரு கை காரப்பொரி, வெங்காயம், இரண்டு சட்னியும் அளவாக, கடைசியில் எலுமிச்சை. கிளறுவதும் இரண்டே சுற்று. சில துண்டு நனைந்திருக்கும், சில துண்டு காய்ந்தே இருக்கும், ஒவ்வொரு வாயும் வேறு மாதிரி. முட்டை நொறுக்கலும் கேட்டு வாங்கினோம், அவித்த முட்டையின் மஞ்சள் கரு சட்னியோடு கலந்து காரத்தை மட்டுப்படுத்துகிறது. காரம் தாங்காதவர்கள் அதையே வாங்கலாம், மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும், அதனால் தண்ணீர் குடித்துப் பயனில்லை, முட்டையோ மோரோ உதவும்.

மூன்றாம் நாள் இரண்டு வண்டி பார்த்தோம், இரண்டையும் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். ஒன்றில் பீட்ரூட் துருவல் காலையிலேயே துருவி வைத்தது, புளித்த வாடை வந்தது, அப்படியே வைத்துவிட்டு வந்தோம். அன்றைக்கு ராத்திரி எனக்கு வயிறு கொஞ்சம் சங்கடம்தான். இன்னொன்று நல்ல வண்டி, எல்லாம் அளவாக இருந்தது, ஆனால் வீடு திரும்பியபோது எந்தச் சுவையும் ஞாபகத்தில் இல்லை.

நாலாம் நாள் மழை. வண்டி எதுவும் நிற்காது என்று அஸ்தம்பட்டி தாண்டி உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி ஒரு புதுக் கடைக்குப் போனோம். சீஸ் செட், மயோனைஸ் செட், ஸ்வீட் கார்ன் செட் என்று பலகை நிறைய எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், இடம் சுத்தம், கை கழுவ வசதி இருக்கிறது, பெண்கள் குழந்தைகளோடு நிம்மதியாக உட்காரலாம், இதெல்லாம் தள்ளுவண்டியில் கிடைக்காத விஷயம். ஆனால் மயோனைஸ் வந்தால் பூண்டு காணாமல் போகிறது. சாதா செட்டே கேளுங்கள், அங்கேயும் அது நன்றாகவே இருக்கிறது. 40 ரூபாய்.

அம்மாப்பேட்டைக்குப் போனது ஐந்தாம் நாள். நாங்கள் தேடியது அங்கேதான் இருந்தது.

பிரதான சாலையிலிருந்து உள்ளே திரும்பி, தறிச் சத்தம் கேட்கிற சந்துக்குள் போக வேண்டும். பெயர்ப் பலகை கிடையாது, நீலப் பெயின்ட் அடித்த வண்டி, ஒரு புருஷனும் பெண்சாதியுமாக நிற்கிறார்கள். ஐந்து மணிக்கு மேல்தான் ஆரம்பம், எட்டரைக்குள் தீர்ந்துவிடும். நாங்கள் போனபோது மணி ஐந்தே கால், அந்த அம்மா பீட்ரூட் துருவலை ஒரு வெள்ளைத் துணியில் கட்டிப் பிழிந்துகொண்டிருந்தார். மற்ற எட்டுக் கடையிலும் நான் பார்க்காத வேலை அது. பீட்ரூட்டில் உப்புப் பட்டதும் தண்ணீர் விடும், அந்தத் தண்ணீர்தான் முதலில் வடையை நனைக்கிறது, சட்னிகூட அப்புறம்தான். பிழிந்து வைத்த துருவல் உதிரி உதிரியாக, காய்ந்த பூ மாதிரி நிற்கிறது. கேரட்டுக்கு அவ்வளவு தேவையில்லை என்று சொல்லி அப்படியே போட்டார்.

சட்னி விஷயத்துக்கு வருகிறேன். வரமிளகாயை ஊறவைத்து உப்பும் கொஞ்சம் தக்காளியும் சேர்த்து வீட்டிலேயே அரைத்துக் கெட்டியாகக் கொண்டுவந்துவிடுகிறார். பூண்டு மட்டும் அதில் இல்லை. வண்டியின் ஓரத்தில் ஒரு சின்ன இடிகல் வைத்திருக்கிறார், பத்துப் பதினைந்து பல்லைத் தட்டி நசுக்கி ஒரு கிண்ணம் சட்னியில் கலக்கிறார், அந்தக் கிண்ணம் தீர்ந்ததும் மறுபடியும் தட்டுகிறார். எதற்கு இத்தனை சிரமம் என்று கேட்டேன்.

"ஏங்க்கா, காலையிலயே சேத்து அரைச்சு வெச்சா ஆகாதுங்களா?"

"ஆகுமுங்க தம்பி, வேலையும் சுளுவு. ஆனா பூண்டு செத்துப்போயிருமுங்க."

இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. முழுப் பூண்டுப் பல்லை முகர்ந்து பாருங்கள், பெரிதாக வாசனை இருக்காது. நசுக்கும்போதுதான் உள்ளே தனித்தனியாக இருக்கிற இரண்டு பொருள்கள் ஒன்று சேர்ந்து அந்த நெடி உண்டாகிறது, அது நிலையாக நிற்காது, நேரம் போகப் போகச் சிதைந்து வேறு வாடையாக மாறும். காலையில் அரைத்த பூண்டுச் சட்னியில் சாயந்திரம் காரம் இருக்கும், பூண்டின் அந்தக் குத்தல் இருக்காது. மற்ற கடைகளில் என்ன குறைகிறது என்று ஐந்து நாளாக யோசித்துக்கொண்டிருந்தேனே, இதுதான்.

செட்டைத் தட்டில் அடுக்கிக் கொடுக்கும் முன் அந்த அம்மா ஒரு வார்த்தை கேட்டார், "நின்னு சாப்பிடறீங்களா, பேசிக்கிட்டே சாப்பிடறீங்களா?" நின்று உடனே சாப்பிடுகிறவர்களுக்கு ஆறும் ஒரே தட்டில் வைக்கிறார். பேசிக்கொண்டு மெதுவாகச் சாப்பிடுகிறவர்களுக்கு மூன்று மூன்றாகப் போட்டுக் கொடுக்கிறார், முதல் மூன்று தீர்ந்ததும் தட்டை நீட்டினால் அடுத்த மூன்று. வடை ஊறக் கூடாது என்பதற்காக ஒருவர் இவ்வளவு யோசிக்கிறார் என்பதே எனக்கு மனசு நிறைந்துபோனது. வாயில் வைத்தால் முதலில் வடை உடைகிற சத்தம், அப்புறம் பச்சைச் சட்னியின் புளிப்பு, அப்புறம் பீட்ரூட்டின் லேசான தித்திப்பு, இதெல்லாம் போன பிறகு பூண்டு மெதுவாகப் பின்னால் ஏறி காது வரைக்கும் போகிறது. அக்கா மகள் கண்ணில் தண்ணீர். "காரமா கண்ணு?" என்று அந்த அம்மா பதறிக் கொஞ்சம் பொரியைக் கையில் கொடுத்தார். "இல்லீங்க, நல்லா இருக்கு" என்று மறுபடியும் தட்டை நீட்டினாள். ஆளுக்கு இரண்டு தட்டு. தட்டு 30 ரூபாய், ஆறு செட்.

ஆறாம் நாள் குகை என்கிற பகுதியில் வண்டி வேடிக்கை. கடவுள் வேடம் போட்டவர்கள் அலங்கார வண்டியில் வரிசையாக வருவதைப் பார்க்கச் சுற்றுவட்டாரமே அங்கே கூடியிருந்தது, நெரிசலுக்குள் மூன்று கடையில் வாங்கினோம். திருவிழாக் கடையை வைத்து யாரையும் எடை போடக் கூடாது, அன்றைக்கு எல்லோருமே ஓடிக்கொண்டிருக்கிறார்கள். மாங்காய் காலம் முடிகிற நேரத்தில் ஒரு கடையில் மட்டும் மாங்காய் செட் கிடைத்தது, துருவிய மாங்காய் பச்சைச் சட்னியின் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது, அடுத்த சித்திரையில் அம்மாப்பேட்டை வண்டியில் மாங்காய் செட் உண்டா என்று போய்க் கேட்க வேண்டும்.

பார்சல் பற்றிப் பலர் கேட்பார்கள். போட்ட செட்டைப் பார்சல் வாங்கவே வாங்காதீர்கள். ஐந்து ரோடு சந்திப்பைத் தாண்டும் முன்பே ஊறிவிடும். வடை தனி, சிவப்பு தனி, பச்சை தனி, துருவல் தனி என்று கேளுங்கள், பெரும்பாலான வண்டிக்காரர்கள் முகம் சுளிக்காமல் கட்டிக் கொடுக்கிறார்கள். வீட்டில் போய் அவரவர் போட்டுக்கொள்ளலாம், அல்லது அக்கா மகள் சொல்கிற மாதிரி தொட்டும் சாப்பிடலாம். நாங்கள் இரண்டும் செய்து பார்த்தோம்.

அந்தச் சட்னியை வைத்து வீட்டில் இன்னொன்றும் பண்ணினோம். இது குச்சிக்கிழங்கு (மரவள்ளி) நாடு, கிழங்கில் பெரும்பகுதி ஜவ்வரிசி ஆலைக்குப் போகும், சேலத்து ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது, அந்தக் கிழங்கையே வட்டமாகச் சீவிப் பொரித்த சிப்ஸ் தெருவுக்குத் தெரு கிடைக்கும். காரம் போடாத வெறும் உப்புச் சிப்ஸாக வாங்கி, பூண்டுச் சட்னியைக் கிண்ணத்தில் வைத்துத் தொட்டுச் சாப்பிட்டால், ஏசி உணவகத்தின் 220 ரூபாய் நாச்சோஸுக்கு எதிரில் நிமிர்ந்து நிற்கும். கிழங்கு சிப்ஸ் தட்டுவடையைவிடக் கடினம், ஈரத்துக்குச் சீக்கிரம் மசியாது, அதனால் கெட்டிச் சட்னிதான் அதற்குப் பொருத்தம். கிழங்கும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குதான், அவள்தான் சொன்னாள்.

நடுவில் ஒரு நாள் காலையில் ஏற்காடு போய்வந்தோம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கினால் ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிடாமல் யாரும் திரும்ப மாட்டார்கள், நாங்களும் சாப்பிட்டோம், குளிருக்கு நன்றாக இருந்தது, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சாலையோரத்தில் கூடையில் வைத்து விற்கிற பட்டர் ஃப்ரூட்டைப் பார்த்ததும் அவள் வண்டியை நிறுத்தச் சொன்னாள். அவகாடோ. காபித் தோட்டங்களில் மிளகு, ஆரஞ்சு, பலாவோடு இதுவும் நிற்கிறது, நாம் சர்க்கரை போட்டு ஜூஸ் அடித்துக் குடிப்பதோடு விட்டுவிடுகிறோம். நாலு காய் வாங்கி அரிசிக்குள் புதைத்து வைத்து இரண்டு நாளில் பழுத்ததும், மசித்து, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை, உப்பு சேர்த்துக் குவாக்கமோலே செய்தாள். தட்டுவடை மேல் அதை வைத்து, அதன் மேல் துளி பூண்டுச் சட்னி. அப்பா கடைத் தின்பண்டம் எதையும் தொட மாட்டார், எண்பது வயது, அவர் மூன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஏற்காட்டில் கடை வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் போட்டால் முதல் ஆளாக வந்து நிற்பேன்.

அவள் ஊருக்குக் கிளம்பும் முன்தினம் அம்மாப்பேட்டைக்கு மறுபடி போனோம். வடை மட்டும் ஒரு கிலோ கட்டிக் கொடுங்கள் என்று கேட்டோம். "விமானத்துல போறதா, அப்ப இன்னிக்குச் சுட்டது வேண்டாங்க, நல்லா ஆறட்டும், காத்தால வீட்டுக்கு வந்து வாங்கிக்கங்க" என்றார். சூட்டோடு கட்டினால் பைக்குள்ளேயே வேர்த்து நமத்துவிடும் என்பதற்காகத்தான். மறுநாள் காலையில் தகர டின்னோடு போய் வாங்கிவந்தோம், காசு கேட்டதற்கு வடைக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, இடிகல்லில் தட்ட ஒரு கை நாட்டுப் பூண்டை அவள் கையில் வைத்தார். அதைக் கொண்டுபோக முடியாது என்று அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, வீட்டில் வைத்திருக்கிறேன்.

நீங்கள் அம்மாப்பேட்டை வண்டிக்குப் போவதாக இருந்தால் ஆறு மணிக்குள் போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம், வெங்காயம் நறுக்க நேரமில்லாமல் கொஞ்சம் பெரிதாக விழுகிறது, வார நாள் நல்லது. காரம் குறைவாக வேண்டும் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், சிவப்பைக் குறைத்துப் பச்சையைக் கூட்டிப் போடுவார். செவ்வாய்க்கிழமை கடை கிடையாது.